குண்டும் குழியும்

"குப்பை அள்ளுவதும் சாலை போடுவதும்தான் நகர மன்றத்தின் வேலை. கடல் கடந்து நடக்கும் போரைப் பற்றித் தீர்மானம் போட அது யார்?" 2023 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் ஹமாஸுக்கும் போர் மூண்ட பிறகு அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கேட்ட கேள்வி இது. காஸாவுக்கு உணவும் மருந்தும் போக வழிவிடச் சொல்லி ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள் என்று அமைதி இயக்கத்தினர் கவுன்சிலர்களின் வாசலுக்குப் போன இடமெல்லாம் இந்தப் பதில் தயாராக இருந்தது. சிகாகோவில் அந்தப் பதில் நூலிழையில் தோற்றது. 2024 ஜனவரி 31 அன்று அங்கே வாக்குகள் 23க்கு 23 என்று சமமாக நின்றன. மேயர் பிராண்டன் ஜான்சன் தன் வாக்கைப் போட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றினார். நிரந்தரப் போர்நிறுத்தம், மனிதாபிமான உதவி, பணயக்கைதிகளின் விடுதலை ஆகிய மூன்றையும் அது கேட்டது. அதுவரை போர்நிறுத்தம் கேட்ட அமெரிக்க நகரங்களில் சிகாகோவே பெரியது. அந்த மாத இறுதியில் ராய்ட்டர்ஸ் எடுத்த கணக்கின்படி ஏறக்குறைய 70 நகரங்கள் இந்தப் போர் குறித்துத் தீர்மானம் போட்டிருந்தன. அவற்றில் 48 போர்நிறுத்தம் கேட்டவை. ஆனாலும் பொதுப்புத்தி மாறவில்லை. நிறைவேற்றிய ஊர்களிலும் நிறைவேற்றாத ஊர்களிலும், "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்பதே முதிர்ச்சியுள்ளவர்கள் பேசும் பேச்சாகக் கருதப்படுகிறது.

இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களுடைய வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். வெளியுறவை அரசியலமைப்பு வாஷிங்டனிடம் ஒப்படைத்திருக்கிறது. கவுன்சிலரை மக்கள் தேர்ந்தெடுத்தது தெருவிளக்குக்காக. ஒரு நகரத்தின் தீர்மானத்தால் ஒரு குண்டுகூட நிற்காது. உலகத்தில் எத்தனையோ போர் நடக்க, ஒன்றை மட்டும் பொறுக்கி எடுப்பது பாரபட்சம். இத்தனைக்கும் மேலே, இரு தரப்பு உறவுக்காரர்களும் ஒரே தெருவில் வாழும் ஊரில் இப்படியொரு வாக்கெடுப்பு அக்கம்பக்கத்தாரைப் பகைவர்களாக்கும். ஆக வாதங்கள் ஐந்து. ஐந்தும் ஒரே எடை கொண்டவை அல்ல, ஆகவே ஐந்துக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப் போவதில்லை.

1. அதிகார வரம்பு மீறப்பட்டதா? எந்த அதிகாரம், எங்கே மீறப்பட்டது என்று காட்ட வேண்டும். சிகாகோ நகர மன்றம் டெல் அவிவுக்குத் தூதரை அனுப்பவில்லை, எந்த நாட்டின் மீதும் தடை விதிக்கவில்லை, யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. வாஷிங்டனில் அதிகாரம் வைத்திருப்பவர்களிடம் அந்த அதிகாரத்தை இப்படிப் பயன்படுத்துங்கள் என்று கேட்டது. கேட்பதற்கும் ஆள்வதற்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க நீதிமன்றங்களே காட்டியிருக்கின்றன. பர்மாவின் ராணுவ ஆட்சியோடு வணிகம் செய்யும் நிறுவனங்களிடம் மாநில அரசு பொருள் வாங்குவதைக் கட்டுப்படுத்தி மாசசூசெட்ஸ் 1996இல் இயற்றிய சட்டத்தை, உச்ச நீதிமன்றம் 2000இல் ஒருமனதாகச் செல்லாததாக்கியது. பர்மா மீது நாடாளுமன்றம் வகுத்திருந்த தடைத் திட்டத்தோடு அந்தச் சட்டம் மோதியதுதான் காரணம். அங்கே வழக்கில் இருந்தது சட்டத்தின் கட்டாயமும் அரசுப் பணமும். கருத்துச் சொல்லும் உரிமை அல்ல. அதற்கு முன்பே, 1989இல், இனஒதுக்கல் தென்னாப்பிரிக்காவோடு தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து பால்டிமோர் நகரம் தன் ஓய்வூதிய நிதியை விலக்கியது செல்லும் என்று மேரிலாந்தின் உச்சபட்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலீட்டை நகர்த்திய ஊருக்கே சட்டத்தில் இடம் இருந்தது என்றால், வேண்டுகோள் மட்டும் விடுக்கும் ஊருக்கு இல்லாமல் போகுமா?

மனிதாபிமான உதவி என்று வரும்போது இந்த வரம்பு வாதம் இன்னும் மெலிகிறது. போர்ச் சூழலில் குடிமக்களுக்குப் போகும் உணவையும் மருந்தையும் பற்றிய கடமைகள் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்கா அதில் கையெழுத்திட்ட நாடு. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிச் சட்டத்திலேயே 1996இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு இருக்கிறது: அமெரிக்க ஆதரவோடு போகும் நிவாரணத்தை ஒரு நாடு தடுத்தால், அந்த நாட்டுக்கு அமெரிக்கா உதவி தரக்கூடாது, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிபர் விலக்கு அளிக்கலாம். 2016இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி இஸ்ரேலுக்கு ஆண்டுக்கு 380 கோடி டாலர் ராணுவ உதவி போகிறது. அந்தப் பணத்தில் சிகாகோவாசியின் வரியும் இருக்கிறது. தன் வரிப்பணம் தன் நாட்டுச் சட்டப்படி செலவாகிறதா என்று கேட்பவர் வெளியுறவில் மூக்கை நுழைக்கிறார் என்றால், வரி கட்டுவதைத் தவிரக் குடிமகனுக்கு வேறு வேலையே இல்லை என்றாகும்.

இதைவிடச் சங்கடமான உண்மை ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபர் 13 அன்று, ஹமாஸ் தாக்குதல் நடந்து ஆறு நாட்களில், இதே சிகாகோ நகர மன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, ஹமாஸைக் கண்டித்து இஸ்ரேலுக்குத் துணை நிற்கும் தீர்மானத்தைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டு, 250 பேர்வரை கடத்திச் செல்லப்பட்ட பிறகு ஒரு நகரம் தன் துக்கத்தைப் பதிவு செய்தது சரிதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அன்றைக்குக் கடல் கடந்த விஷயமாக இல்லாதது, மூன்றரை மாதத்தில் எப்படிக் கடல் கடந்தது? 2003 ஜனவரியில் ஈராக் மீது தொடுக்கவிருந்த போரை எதிர்த்து இந்த மன்றம் 46க்கு 1 என்று வாக்களித்தது. வெளிநாட்டு உறவும் இந்த ஊருக்குப் புதிதல்ல: கீவ் நகரம் 1991 முதல் சிகாகோவின் சகோதர நகரம். ஒரு சாராருக்கு மட்டும் மூடும் கதவுக்கு எல்லை என்ற பெயர் பொருந்தாது. ஜனவரி தீர்மானத்தை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற டெப்ரா சில்வர்ஸ்டீன், மன்றத்தின் ஒரே யூத உறுப்பினர், இந்த வரம்பு வாதத்தைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. போருக்கு எது காரணம் என்பதைத் தீர்மானம் பொறுப்போடு சொல்லவில்லை என்பதே அவருடைய குறை. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், ஆனால் அது நேர்மையான எதிர்ப்பு. வரம்பைப் பேசுபவர்களிடம்தான் அந்த நேர்மையைக் காணவில்லை.

2. ஒரு பயனும் இல்லையா? அப்படியானால் வெளிநாட்டு அரசுகள் ஏன் பதறுகின்றன? இந்த விஷயத்தில் இந்தியர்களுக்குச் சிகாகோ ஒரு பாடம் வைத்திருக்கிறது. இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் மனித உரிமை நிலையையும் விமர்சித்து அங்கே ஒரு தீர்மானம் வந்தது. இந்தியத் துணைத் தூதரகம் கவுன்சிலர்களைத் தொடர்புகொண்டு எதிர்த்தது; வாசகம் நீர்த்துப்போனது; அப்படியும் 2021 மார்ச்சில் 26க்கு 18 என்று அது தோற்கடிக்கப்பட்டது. கனடாவின் பிராம்ப்டன் நகரம் 2025 மே 10 அன்று சிங்குவாக்கூசி பூங்காவில் தமிழினப் படுகொலை நினைவுச் சின்னத்தைத் திறந்தபோது, கொழும்பு கனடிய உயர் ஸ்தானிகரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. வெற்றுக் காகிதத்துக்காக எந்த வெளியுறவு அமைச்சும் இவ்வளவு மெனக்கெடாது. தீர்மானத்தால் பயனில்லை என்று உள்ளூர்க்காரர் நம்புகிறார்; யாரைக் குறித்துத் தீர்மானம் போடப்படுகிறதோ அந்த அரசு நம்புவதில்லை. இவர்களில் விவரம் தெரிந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பயன் எப்படி விளைகிறது? காஸாவில் உள்ள ஒரு ராணுவ அதிகாரி சிகாகோ தீர்மானத்தைப் படித்துவிட்டு லாரிக்கு வழிவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. பாதை நீளமானது, ஆனால் மர்மமானதல்ல. போருக்கு முன் நாளொன்றுக்கு 500 லாரிகள் போன காஸாவுக்கு, 2023 அக்டோபர் 9 அன்று முழு முற்றுகை அறிவிக்கப்பட்ட பிறகு, அக்டோபர் 21 அன்றுதான் ரஃபா கடவை வழியாக முதல் 20 லாரிகள் போயின. அந்த 20 லாரிகளையும் அசைத்தது பேச்சுவார்த்தையும் அழுத்தமும்தான். 2024 ஏப்ரல் 1 அன்று வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் நிவாரண ஊழியர்கள் ஏழு பேர் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 4 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவோடு தொலைபேசியில் கடுமையாகப் பேசினார். சில மணி நேரத்தில் எரெஸ் கடவையைத் திறக்கவும் அஷ்தோத் துறைமுகத்தைப் பயன்படுத்தவும் இஸ்ரேல் சம்மதம் தெரிவித்தது. வாஷிங்டன் நினைத்தால் கடவை திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தத் தொலைபேசியை வாஷிங்டன் எடுப்பதும் எடுக்காததும் தன் கட்சி வாக்காளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கணக்கைப் பொறுத்தது. சிகாகோ பைடனின் கட்சிக்கோட்டை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அக்கட்சியின் தேசிய மாநாடு நடக்கவிருந்த நகரம். அங்கே மேயரே வாக்குப் போட்டு நிறைவேற்றிய தீர்மானம் அந்தக் கணக்கில் ஓர் எண்.

வரலாறும் இதையே சொல்கிறது, மிகைப்படுத்தாமல் கேட்டால். 1982 மார்ச்சில் வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர்க் கூட்டங்கள், 150க்கும் மேற்பட்டவை, அணு ஆயுத உற்பத்தியை இரு வல்லரசுகளும் உறைய வைக்க வேண்டும் என்று வாக்களித்தன. பால் பண்ணைக்காரர்களுக்கு ஏவுகணையைப் பற்றி என்ன தெரியும் என்று அன்றும் சிரித்தார்கள். அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான நகர மன்றங்கள் சேர்ந்துகொண்டன; 1983 மே 4 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதே கருத்துள்ள தீர்மானத்தை 278க்கு 149 என்று நிறைவேற்றியது. 1987இல் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தர ஏவுகணைகளை ஒழிக்கக் கையெழுத்திட்டதற்கு வெர்மான்ட் காரணம் என்று சொன்னால் அது பொய். மாஸ்கோவில் ஏற்பட்ட மாற்றம்தான் பெரிய காரணம். ஆனால் ஆயுதக் குறைப்பு என்றாலே தேசத்துரோகம் என்றிருந்த சூழலில் அதை வாக்கு வாங்கித் தரும் பேச்சாக மாற்றியதில் அந்த ஊர்களுக்குப் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்க விஷயத்தில் பெர்க்லி நகரம் 1979இல் முதலீட்டை விலக்க முடிவெடுத்தது. ஏழே ஆண்டில், 1986 அக்டோபரில், ரீகனின் தடுப்பதிகாரத்தையே மீறி நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. இடைப்பட்ட காலத்தில் வேலை நடந்தது வாஷிங்டனில் அல்ல, நகரங்களிலும் பல்கலைக்கழகங்களிலும்தான்.

ஈராக்கைக் காட்டுவார்கள். 46க்கு 1 என்று சிகாகோ சொல்லியும், நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் எதிர்த்தும், 2003 மார்ச்சில் குண்டு விழுந்தது உண்மை. அதிலிருந்து என்ன பெறப்படுகிறது? நகரங்கள் தோற்றன என்பது மட்டும்தான். அந்தப் போருக்கு அனுமதி கொடுத்த நாடாளுமன்றம் தவறிழைத்தது என்று பிறகு ஒப்புக்கொண்ட செனட்டர்கள் பலர். எதிர்த்து வாக்களித்ததற்காக வெட்கப்பட வேண்டிய கவுன்சிலர் ஒருவரும் இல்லை. தோற்ற வாக்கெல்லாம் வீண் வாக்கு என்றால் தேர்தலில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

அதிகாரம் இல்லாத சபை போட்ட தீர்மானம் உணவை நகர்த்திய கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். வெளியுறவு ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் தானாக வெளிநாட்டுக்கு அரிசி அனுப்ப முடியாது. 2022இல் இலங்கை பொருளாதாரச் சரிவில் தவித்தபோது, 40,000 டன் அரிசியும் 500 டன் பால் மாவும் உயிர்காக்கும் மருந்துகளும் அனுப்ப அனுமதி கோரி ஏப்ரல் 29 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. டெல்லி சம்மதித்தது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. மாநிலச் சட்டமன்றமும் நகர மன்றமும் ஒன்றல்ல, அது போர்ச் சூழலும் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "உனக்கு அதிகாரம் இல்லை, ஆகவே பேசாதே" என்ற விதி அன்றைக்குச் செல்லுபடியாகியிருந்தால் அந்தக் கப்பல் கிளம்பியிருக்காது.

3. நேர விரயமா? இதற்கு ஒரு பத்தி போதும். தீர்மானத்துக்கு இரண்டரை மாதம் முன்பு, 2023 நவம்பரில், இதே மன்றம் 1,677 கோடி டாலர் பட்ஜெட்டை நிறைவேற்றியது. காஸாவைப் பற்றிப் பேசியதால் எந்தக் குழி மூடப்படாமல் போனது என்று எவரும் காட்டவில்லை. விளையாட்டு வீரருக்குப் பாராட்டு, ஓய்வுபெறும் தீயணைப்பு வீரருக்கு வாழ்த்து என்று மன்றக் கூட்டங்களின் முற்பகல் கரைவது வழக்கம். அப்போது கடிகாரத்தைப் பார்க்காதவர்கள் பட்டினியைப் பற்றிப் பேசும்போது பார்க்கிறார்கள்.

4. சூடானுக்கு ஏன் இல்லை, கொங்கோவுக்கு ஏன் இல்லை? கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் கேட்பவரின் கையில் சூடான் தீர்மானத்தின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் நிறைவேற்ற வேண்டியதுதான். தடுப்பவர் யாரும் இல்லை. பெரும்பாலும் இருக்காது. சூடான் அங்கே ஒரு நாடாக அல்ல, வாயை அடைக்கும் அடைப்பானாக வருகிறது. தர்க்கப்படியும் இது நிற்காது. எல்லாத் துன்பத்தையும் பற்றிப் பேசாதவர் எதைப் பற்றியும் பேசக்கூடாது என்றால் உலகில் எந்த நீதிக் குரலும் எழ முடியாது. தவிர, பொறுப்பு என்பது தூரத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. எந்தப் போரில் உன் ஆயுதமும் உன் பணமும் இருக்கிறதோ, எந்த அரசு உன் தொலைபேசி அழைப்புக்குக் காது கொடுக்கிறதோ, அங்கே உன் பொறுப்பு கூடுதல். அமெரிக்க நகரம் அமெரிக்க ஆயுதம் பாயும் போரை முதலில் எடுப்பது பாரபட்சம் ஆகாது.

5. ஊரைப் பிளக்காதா? ஐந்தில் இதுதான் எடையுள்ளது. லேசாகத் தள்ளிவிட முடியாது. அந்த மாதங்களில் அமெரிக்காவில் யூத வெறுப்பும் முஸ்லிம் வெறுப்பும் ஒருசேர ஏறின. சிகாகோவுக்கு அருகே ஆறு வயதுப் பாலஸ்தீன வம்சாவளிச் சிறுவன் ஒருவன், வீட்டு உரிமையாளரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். யூதக் குடும்பங்கள் தொழுகைக்கூடத்துக்குப் போகவே தயங்கின. இப்படிப்பட்ட நேரத்தில் 23க்கு 23 என்று பிளவுபட்ட ஒரு மன்றம் எரியும் நெருப்பில் விறகு போட வேண்டுமா என்று கேட்பவரின் கவலை உண்மையானது. சான் பிரான்சிஸ்கோவின் அன்றைய மேயர் லண்டன் பிரீட் இதே காரணத்தைச் சொல்லித்தான், 2024 ஜனவரியில் 8க்கு 3 என்று நிறைவேறிய தீர்மானத்தில் கையெழுத்திடாமல் விட்டார்.

ஆனால் பிளவைத் தீர்மானம் உண்டாக்கியதா, வெளியே கொண்டுவந்ததா? தீர்மானத்தை எடுக்கவே மறுத்த பெர்க்லியில் ஒற்றுமை பூத்துக் குலுங்கவில்லை; கூட்டத்துக்குக் கூட்டம் கூச்சலும் குழப்பமும்தான். தென்னாப்பிரிக்காவுக்காக முதலில் கை தூக்கிய ஊர் அது என்பதை நினைத்தால் இன்னும் கசக்கிறது. அமெரிக்காவில் பாலஸ்தீன வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் கவுண்டி சிகாகோ இருக்கும் குக் கவுண்டி. அங்கே வாழ்பவருக்குக் காஸா தொலைக்காட்சிச் செய்தி அல்ல. தொலைபேசி எடுக்காத சித்தி, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் மாமா. அக்டோபரில் ஒரு சாராரின் துக்கத்துக்கு மன்றத்தில் இடம் கொடுத்துவிட்டு, ஜனவரியில் மறு சாராரின் துக்கம் மட்டும் ஊரைப் பிளக்கும் என்றால், பிளவு முதலிலேயே நடந்துவிட்டது என்றுதான் பொருள். மௌனம் நடுநிலை ஆவது இரு தரப்புக்கும் மௌனமாக இருக்கும்போது மட்டும்தான்.

உதவி கேட்கும் தீர்மானம் ஒரு தரப்பின் தீர்மானம் என்ற எண்ணமே பிழை. 2024 ஜனவரி நடுவில், சிகாகோ வாக்களிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, கத்தாரும் பிரான்ஸும் ஓர் ஏற்பாட்டைச் செய்து முடித்தன: காஸாவில் அடைபட்டிருந்த இஸ்ரேலியப் பணயக்கைதிகளுக்கு மருந்து போகும், கூடவே காஸா மக்களுக்கும் மருந்தும் நிவாரணமும் போகும். ஒன்றில்லாமல் மற்றொன்று போயிருக்காது. டெல் அவிவில் மகனுக்காகக் காத்திருந்த தாய்க்கும் கான் யூனிஸில் குழந்தைக்குப் பால் மாவு தேடிய தாய்க்கும் தேவைப்பட்டது ஒரே திறந்த பாதைதான். அதைக் கேட்பது ஊரைப் பிளக்கும் என்றால், பிளப்பது கோரிக்கை அல்ல, அதைப் படிக்காமலே எதிர்க்கும் பழக்கம்.

"உங்கள் ஊர்ச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள்" என்ற பேச்சு தமிழர்களுக்குப் புதிதல்ல. 2008 செப்டம்பரில், இலங்கைப் போரின்போது, வன்னியிலிருந்து ஐ.நா. ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர்ப் பகுதியில் இருந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி, அந்தக் குறைந்த கணக்குக்கே உணவு அனுப்பப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. அந்த மாதங்களில் டொராண்டோவிலும் லண்டனிலும் தெருவில் நின்றவர்கள் கேட்டதும் உணவுக்கும் மருந்துக்கும் வழிதான்; அவர்களுக்குக் கிடைத்த பதில்களில் மேலே சொன்னதும் ஒன்று. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் சொந்த உள்விசாரணை அறிக்கை 2012இல் ஒப்புக்கொண்டது. அதற்குள் முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. பிராம்ப்டன் நகரத்தைக் கொண்டாடும் தமிழர், காஸா என்றதும் நகர மன்றம் சாக்கடையைப் பார்க்கட்டும் என்று சொன்னால், தன் நியாயத்தின் அடியில் தானே குழி வெட்டுகிறார்.

தீர்மானத்தை எதிர்க்க ஆயிரம் நேர்மையான வழிகள் இருக்கின்றன. வாசகம் ஒருதலைப்பட்சம் என்றால் திருத்தம் கொண்டுவாருங்கள். ஹமாஸின் குற்றம் போதிய அளவு சொல்லப்படவில்லை என்றால் சொல்லச் சொல்லுங்கள். போர்நிறுத்தம் இப்போது கூடாது என்று உண்மையிலேயே நினைத்தால் எழுந்து நின்று அதைச் சொல்லி எதிர்த்து வாக்களியுங்கள். உங்கள் வாக்காளர்களுக்கு அந்த வாக்குக்குப் பதில் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் வார்டிலும் நாலு பேர் ஒரு தாளோடு வருவார்கள், இந்தப் போருக்காகவோ வேறொரு போருக்காகவோ. "இது நம் வேலையில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள்.